கைத்தட்டல் கூலி ஆகாது
(மே நாளையொட்டி தாராவியில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மே முதல் நாள் இந்த மண்ணில் இரட்டை நாள். உலகத் தொழிலாளர் நாள் அது. 1960-இல் மராட்டிய மாநிலம் பிறந்த நாளும் அதுவே. இரண்டுக்கும் ஊர்வலம் உண்டு, கொடி உண்டு, பறை உண்டு, பாட்டு உண்டு. கொடி பிடித்து வந்தவர் மறுநாள் பட்டறைக்கோ கட்டட வேலைக்கோ போகிறார். அவரைத் தொழிலாளி என்கிறோம். பறை அடித்து வந்தவரை என்ன சொல்கிறோம்? மேளக்காரன் என்கிறோம், கூத்தாடி என்கிறோம். மரியாதை கூடினால் கலைஞர் என்கிறோம். தொழிலாளி என்று மட்டும் சொல்வதில்லை. அந்த ஒரு சொல்லைப் பற்றிப் பேசத்தான் இன்று நாங்கள் நிற்கிறோம்.

வெறும் சொல்தானே என்று நினைக்க வேண்டாம். அந்தச் சொல்லும் அதற்கு ஒரு பதிவும் இருந்தவர் வீட்டில் நெருக்கடி காலத்தில் அடுப்பு ஓரளவு எரிந்தது. இல்லாதவர் வீட்டில் அணைந்தது. 2020-இல் நாம் அனைவரும் கண்ணால் கண்ட பாடம் இது.

அந்த ஆண்டு மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு வந்தது. விடிந்தால் நாடே அடைப்பு. ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் நோயாளி. பட்டறை மூடியது, இட்லிக் கூடை வீட்டில் கவிழ்ந்தது, மே மாதம் சிறப்பு ரயில் விடும்வரை ஊருக்கும் வழியில்லை. நம் பாட்டை நாம் அறிவோம். அந்தப் பாட்டுக்குள்ளும் ஒரு வேறுபாடு இருந்ததைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

கட்டடத் தொழிலாளருக்கு 1996-இல் தனிச் சட்டம் வந்தது. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் தீர்வை வாங்கி, அதை ஒரு வாரியத்தில் சேர்த்தார்கள். ஊரடங்கு வந்ததும் மத்திய அரசு, அந்தப் பணத்திலிருந்து பதிவு பெற்றவர்களுக்கு உதவுங்கள் என்று மாநிலங்களுக்குச் சொன்னது. மராட்டிய அரசு 2,000 ரூபாய் தந்தது. மும்பையில் அது ஒரு மாத வாடகைக்கும் காணாது. பதிவில்லாத எத்தனையோ கட்டடத் தொழிலாளருக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் வந்த பணம் யாருடைய இரக்கத்திலும் வரவில்லை. அவர்கள் உழைப்பின் பேரில் சேர்ந்த பணம் அது.

சினிமாத் துறையைப் பாருங்கள். மார்ச் 19-இலேயே சென்னையிலும் மும்பையிலும் படப்பிடிப்பு நின்றது. சென்னையில் ஃபெப்சி என்னும் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம் உண்டு. ஏறத்தாழ 25,000 உறுப்பினர்கள். அதன் தலைவர் ஆர்.கே. செல்வமணி உதவி கேட்டார், நடிகர்கள் கொடுத்தார்கள், ரஜினிகாந்த் 50 லட்சம் கொடுத்தார். சங்கம் இருந்ததால் பட்டியல் இருந்தது. பட்டியல் இருந்ததால் உதவி எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்று தெரிந்தது.

இனி பட்டியல் இல்லாதவர்களிடம் வருவோம்.

புனே மாவட்டத்தில் நாராயண்காவ் என்று ஓர் ஊர். மராட்டியரின் தமாஷா கூத்துக்கு அதுதான் தலைநகரம். குடி பாட்வா நாளை ஒட்டி ஊர் ஊராகத் திருவிழாக் குழுவினர் அங்கே வந்து, வரப்போகும் ஊர்த் திருவிழாக்களுக்குக் கூத்துக் குழுக்களைப் பேசி முடிப்பார்கள். பெரிய குழு என்றால் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். ஆடுபவர், பாடுபவர், டோலக்கி அடிப்பவர், கூடாரம் போடுபவர், வண்டி ஓட்டுபவர், சமையல்காரர் என்று ஒரு சிறிய ஆலைக்குரிய ஆள்படை அது. 2020-இல் குடி பாட்வா எந்த நாளில் வந்தது தெரியுமா? மார்ச் 25. ஊரடங்கின் முதல் நாள்.

நம் ஊர்ப் பக்கமும் அதே கதைதான். பங்குனியில் தொடங்கி ஆடி வரை கோயில் கொடை, தேர், திருமணம். வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, கரகம், நையாண்டி மேளம், நாதசுரம், தெருக்கூத்து எல்லாவற்றுக்கும் வருமானம் பெரும்பாலும் இந்தச் சில மாதங்களில்தான். அந்த ஆண்டு மதுரைச் சித்திரைத் திருவிழாவே நின்றது. மீனாட்சி கல்யாணம் மட்டும் மே 4 அன்று கூட்டமில்லாமல் நடந்தது. ஆகஸ்டில் இங்கே லால்பாக் ராஜா மண்டல் விழாவை நிறுத்தி மருத்துவ முகாம் நடத்தியது. நோய்க்காக நிறுத்தியது சரிதான். அதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் டோல் அடிப்பவருக்கும் பேஞ்ஜோ குழுவுக்கும் அந்தப் பத்து நாள்தான் அறுவடை. மறு ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை வந்தது. இரண்டு போகம் அடுத்தடுத்துப் பொய்த்தால் விவசாயி என்ன ஆவான்? அவனுக்காவது வறட்சி நிவாரணம் என்று ஒரு பேச்சாவது இருக்கும். இவர்களில் கருவியை அடகு வைத்தவர்கள் உண்டு, காய்கறி வண்டி தள்ளியவர்கள் உண்டு. ஓராண்டுக்கு மேல் கழித்து, 2021-இல்தான் மராட்டிய அரசு கலைஞர்களுக்கு ஒருமுறை 5,000 ரூபாய் என்று அறிவித்தது. பசி மார்ச்சில் வந்தது; அறிவிப்பு மறு ஆண்டில் வந்தது.

ஏன் இந்தத் தாமதம்? மூன்று காரணம் சொல்கிறோம்.

முதலாவது, இவர்களுக்கு நிலையான முதலாளி இல்லை. இன்று ஒரு கோயில் குழு, நாளை ஒரு கல்யாண வீடு, மறுநாள் ஒரு கட்சி மேடை. ஒவ்வோர் இரவும் ஒரு புது முதலாளி. சம்பளச் சீட்டு இல்லை, வருகைப் பதிவேடு இல்லை. சட்டம் ஆலைக் கதவைப் பார்த்துப் பழகியது. திறந்த மேடை அதன் கண்ணில் படவில்லை.

இரண்டாவது, மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு மணி நேரம்தான் தெரியும். பறையை நெருப்பில் காய்ச்சுவதும், சீவாளியைப் பதம் பார்ப்பதும், கால் வீங்கப் பழகுவதும், இரவெல்லாம் வண்டியில் குலுங்கி ஊர் சேர்வதும் கணக்கில் வருவதில்லை. விளையாட்டாகச் செய்வதுபோல் தோன்றச் செய்வதுதான் அந்த வேலையின் கஷ்டம்.

மூன்றாவது காரணத்தை மூடி மறைக்க மாட்டோம். அது சாதி. பறை அடிப்பதும் தமாஷா ஆடுவதும் ஒடுக்கப்பட்ட மக்களின் பிறவிக் கடமை என்று வைத்திருந்தார்கள். கடமைக்குக் கூலி கேட்க முடியாது. போட்டதை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பழைய கணக்கு இன்றும் பலருடைய கைகளில் இருக்கிறது. கூலி பேசும்போது முகம் சுளிப்பதும், பொன்னாடையில் கணக்கை முடிக்கப் பார்ப்பதும் அதன் மிச்சம்தான்.

விட்டாபாய் நாராயண்காவ்கர் என்ற மாபெரும் தமாஷா கலைஞரை இங்கே வளர்ந்த பிள்ளைகள் அறிவார்கள். ஆட்டத்தின் நடுவே வலி கண்டு, திரைக்குப் பின்னால் பிள்ளை பெற்று, தொப்புள்கொடியைக் கல்லால் அறுத்துவிட்டு மறுபடி மேடை ஏறினார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். கலைப்பற்று என்று புகழ்வார்கள். தாய்மார்களே, நீங்கள் சொல்லுங்கள், அது புகழ வேண்டிய செய்தியா? பேறுகால விடுப்புச் சட்டம் 1961-இல் வந்தது. 1973-இல் அதைத் திருத்தி சர்க்கஸ் கூடாரங்களையும் சேர்த்தார்கள். எழுதினால் எழுத முடிகிறது என்பதற்கு அதுவே சாட்சி. குடியரசுத் தலைவரிடம் பதக்கம் வாங்கிய விட்டாபாய் 2002-இல் நோயிலும் வறுமையிலும் மறைந்தார். 2006-இல் அவர் பெயரால் மராட்டிய அரசு விருது ஏற்படுத்தியது. விருதை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. விருது ஒருவருக்கு, கூலி எல்லோருக்கும். முதலில் எல்லோருக்கும் உள்ளதைக் கொடுங்கள் என்கிறோம்.

அண்ணாபாவ் சாட்டேயை நினைத்துப் பாருங்கள். சாங்லி மாவட்டத்து வாட்டேகாவிலிருந்து பிழைப்புத் தேடி பம்பாய்க்கு வந்தவர், நம்மைப் போல. பஞ்சாலையில் உழைத்தார், காட்கோபர் குடிசையில் வாழ்ந்தார். 1944-இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் லால் பாவ்டா கலைக்குழுவைத் தொடங்கினார். ஆலைத் தொழிலாளர் போராட்டத்துக்கும் மராட்டிய மாநிலப் போராட்டத்துக்கும் அவர்கள் பாட்டுதான் வாய். அவரிடம் தொழிலாளி எங்கே முடிகிறான், கலைஞன் எங்கே தொடங்குகிறான் என்று யாரால் கோடு கிழிக்க முடியும்? 1969-இல் அவரும் வறுமையில்தான் போனார். அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 2020 ஆகஸ்டில் அவர் வழிவந்த கூத்துக்காரர்கள் வேலையற்று நின்றார்கள்.

கலைஞனுக்கு நெருக்கடியில் கூலி கொடுப்பது நடக்கிற காரியமா என்று கேட்பார்கள். நடந்திருக்கிறது. பெரும் மந்தத்தின்போது, 1935-இல், அமெரிக்க அரசு சாலை போடவும் பாலம் கட்டவும் வேலையற்றோரை அமர்த்திய அதே துறையில் ஓவியர், இசைக்காரர், நடிகர், எழுத்தாளர் சுமார் 40,000 பேரையும் அமர்த்தியது. அவர்களுக்கும் வயிறு உண்டு என்பதுதான் அந்தத் துறையை நடத்திய ஹாரி ஹாப்கின்ஸின் வாதம். ஆனால் 1939-இல் அரசியல் எதிர்ப்பு கிளம்பியதும் நாடகப் பிரிவை ஒரே அடியில் மூடிவிட்டார்கள். அரசின் விருப்பத்தால் வந்தது அரசின் வெறுப்பால் போனது.

பிரான்சில் வேறு மாதிரி. அங்கே மேடைக் கலைஞரும் திரைக் கலைஞரும் பன்னிரண்டு மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்ததற்குக் கணக்குக் காட்டினால், வேலையில்லாத நாட்களுக்கு உதவித்தொகை உண்டு. அந்த உரிமையைக் குறைக்க வந்தபோதெல்லாம் தொழிற்சங்கங்கள் தெருவில் இறங்கின. 2020 மே மாதம், வேலையே இல்லாத காலத்தில் மணிக்கணக்குக் கேட்கக் கூடாது என்று அந்த உரிமையை 2021 ஆகஸ்டு வரை நீட்டித்தார்கள். மணிக்கணக்கு எழுதி வைத்திருந்தவர்கள் அவர்கள். அதனால் கேட்க வாய் இருந்தது.

நம் நாட்டிலும் 1981-இல் சினிமாத் தொழிலாளருக்கெனச் சட்டங்கள் வந்தன. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களிலும் ஒலி-ஒளித் துறைத் தொழிலாளர் என்ற பெயர் இருக்கிறது. அந்தத் தொகுப்புகளில் எதிர்க்க வேண்டியவை பல. அதை வேறு கூட்டத்தில் பேசுவோம். இங்கே எங்கள் கேள்வி ஒன்றுதான்: படப்பெட்டி முன் ஆடுபவர் தொழிலாளி என்றால், ஊர் முன் ஆடுபவர் யார்?

தோழர்களே, அரசிடம் கேட்பதற்கு முன் நம் கையில் இருப்பதைச் செய்வோம். பொங்கல் விழா, கொடை, கணபதி, தலைவர்கள் பிறந்தநாள் என்று மேளம் பேசுவது நாம்தான். அந்த ஓர் இரவுக்கு முதலாளி நாம். எனவே நாங்கள் வைக்கும் கோரிக்கைகள் இவை.

ஒன்று, நம் குழுக்கள் கலைஞரை அழைக்கும்போது தேதி, நேரம், தொகை, வழிச்செலவு எழுதிக் கையெழுத்திட்ட சீட்டு கொடுக்க வேண்டும். பாதித் தொகை முன்பணம். விழா நின்றால் அதைத் திருப்பிக் கேட்கக் கூடாது. நாளை நெருக்கடி வந்தால் அந்தச் சீட்டுதான் அவருடைய சாட்சி.

இரண்டு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவில், வருமான வரியும் வைப்பு நிதியும் இல்லாத அமைப்புசாராத் தொழிலாளர் பெயர் பதியலாம். அங்கே தொழில் என்ன என்று கேட்டால் 'கூலி' என்று சொல்லாதீர்கள். நாதசுரம், பறை, கூத்து என்று தொழிலின் பெயரைச் சொல்லுங்கள். ஊரில் இருக்கும் கலைஞர் குடும்பங்களுக்கு, 2007-இல் தமிழ்நாட்டில் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதியச் சொல்லிக் கடிதம் எழுதுங்கள்.

மூன்று, மராட்டிய அரசிடம் நாம் கேட்பது மேடைத் தொழிலாளருக்கு ஒரு வாரியம். கட்டடத்துக்கு நூற்றுக்கு ஒன்று வாங்கியது போலப் பெரிய கேளிக்கை நிகழ்ச்சிகளிலும் விளம்பர விழாக்களிலும் வாங்கட்டும். தமாஷாக்காரரும் டோல்காரரும் நம் பறைக்காரரும் அதில் ஒன்றாக நிற்கட்டும். மொழி எதுவானாலும் பட்டியல் ஒன்றுதான்.

அடுத்த நெருக்கடி நோயாக வருமா, வெள்ளமாக வருமா, யார் கண்டார்? வரும்போது பெயர் எழுதத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். இந்தக் கூட்டம் முடிந்ததும் வாசலில் நம் சங்கத் தோழர்கள் நோட்டுடன் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் தெருவில் இருக்கும் கலைஞர்களின் பெயரை இன்றே எழுதிக் கொடுங்கள். பெயருக்கு எதிரே தொழிலாளி என்று எழுதுங்கள்.