காட்டுப் பாதையும் காவற் பொறுப்பும்

(கல்விச் சுற்றுலாவின் பொருட்டுச் சென்னைக்கு வந்திருந்த ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கிண்டிக் காட்டைப் பார்வையிட்ட பின்னர், அவர்களிடையே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு.)



இன்று காலையில் மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தையும் தியாகராய நகர்க் கடைத்தெருவையும் பார்த்துவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். அவ்விடங்களின் சந்தடிக்கும் இக்காட்டின் அமைதிக்கும் இடையே சில மைல் தூரமே உண்டு. இத்தனை பெரிய நகரத்தின் நடுவே வெளிமானும் புள்ளிமானும் நரியும் வாழும் காடு ஒன்று நிலைத்திருப்பதைக் கண்டு நீங்கள் வியந்தீர்கள். வழியில் உங்களுள் ஒருவர், "காட்டைக் காப்பதற்கு ஆள் வேண்டும் என்பது புரிகிறது. காட்டில் மக்கள் நடக்கும் பாதையைப் பார்த்துக்கொள்வதற்கும் ஒரு உத்தியோகமா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

விடுமுறை நாட்களில் நகர மக்கள் எங்கே செல்கிறார்கள்? உங்கள் ஊர் ஏரிக்கரைக்கும், அருவிக்கும், மலையடிவாரத் தோப்புக்கும் அல்லவா வருகிறார்கள்! வண்டியை வரப்போரத்தில் நிறுத்துகிறார்கள், சமைத்து உண்கிறார்கள், புட்டியையும் பையையும் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஊருக்கு எஞ்சுவது குப்பை மட்டுமே. ஆகவே, வருவோரை வரவேற்பதும், அவர்களால் நிலம் கெடாமல் காப்பதும் இனி ஊராட்சிகள் கற்றுக்கொள்ள வேண்டிய தொழிலாகும்.

முதலில் காலடி நிலத்தைப் பற்றிச் சொல்லுவோம். ஒற்றையடிப் பாதையில் புல் முளைப்பதில்லை என்பதை விவசாயிகளாகிய உங்களுக்கு நாங்கள் கற்பிக்க வேண்டியதில்லை. மீண்டும் மீண்டும் மிதிபடும் மண் இறுகுகிறது. மழை நீர் உள்ளே இறங்குவதில்லை. வேருக்குக் காற்றுக் கிடைப்பதில்லை. புல்லுக்கு நேர்வது மரத்திற்கும் நேரும். மரம் உடனே சாகாது. ஆண்டுகள் சில சென்று நுனியிலிருந்து காயத் தொடங்கும். அப்பொழுது காரணம் என்னவென்று எவருக்கும் நினைவிராது.

அமெரிக்க நாட்டில் கலிபோர்னியாவின் பெருமரக் காடுகளில் இவ்வாறே நேர்ந்தது. மோட்டார் வண்டிகளில் வந்து கூடாரமடித்துத் தங்கியவர்களால் நிலம் இறுகி மரங்கள் நலிவதை, மெய்னெக்கி என்னும் தாவர நோய் நிபுணர் 1920-களில் ஆராய்ந்து கூறினார். காட்டை மூடிவிட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. வண்டி செல்லும் வழி இது, நிற்கும் இடம் இது, கூடாரத்திற்கு இடம் இது, அடுப்புக்கு இடம் இது என்று அறுதியிட்டுவிட்டால், மிதிபடும் நிலம் சிறிதாகும். மற்றது பிழைக்கும் என்றார். 1932-இல் அவர் வகுத்த இம்முறையையே தழுவிப் பிற்காலத்து முகாம் திடல்கள் பல அமைக்கப்பட்டன.

எங்கள் தொழிலின் முதற் பாடம் இதுவே: பாதை என்பது மனிதனுக்கு வழி காட்டுவதற்கு மட்டுமன்று, மற்ற நிலத்தை மனிதனுடைய காலிலிருந்து காப்பதற்கும் ஆகும்.

இனிக் கிண்டியைப் பாருங்கள். 1821-இல் கில்பர்ட் ராட்ரிக்ஸ் என்பவரிடமிருந்து 35,000 ரூபாய்க்கு அரசாங்கத்தார் வாங்கிய நிலம் இது. 1910-இல் காப்புக் காடாயிற்று. அப்பொழுது இதன் பரப்பு ஏறக்குறைய 505 ஹெக்டேர். பிற்காலத்தில் தொழில்நுட்பக் கல்லூரிக்கும், தலைவர்களின் நினைவு மண்டபங்களுக்கும், பிற நிலையங்களுக்கும் நிலம் பிரித்தளிக்கப்பட்டது. 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இக்காட்டில் இன்று எஞ்சியிருப்பது சுமார் 270 ஹெக்டேர். உங்கள் கணக்கில் 670 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு முறையும் நிலம் நல்ல காரியத்திற்கே கொடுக்கப்பட்டது. ஆயினும் கொடுத்த காடு திரும்பவில்லை. ஊர்ப் புறம்போக்கையும் மேய்ச்சல் நிலத்தையும் பற்றித் தீர்மானம் செய்ய உட்காரும்போது இக்கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சிய காட்டை எப்படிக் காக்கிறார்கள்? ஓரத்தில் சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் இருக்கின்றன. அங்கே குழந்தைகளும் குடும்பத்தாரும் தாராளமாக வரலாம். உட்காடோ அனுமதி பெற்றவர்களுக்கு மட்டுமே. திருவிழாக் கூட்டத்தை வெளிப் பிராகாரத்தில் நிறுத்திக் கருவறையின் அமைதியைக் காப்பது போன்ற ஏற்பாடு இது. வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். கூட்டம் அங்கே புகுந்தால் அது மேய்ச்சலை விட்டுப் புதரில் ஒதுங்கும். மக்கள் எங்கே நடக்கக்கூடாது என்பதை முதலில் முடிவு செய்து, பிறகு எங்கே நடக்கலாம் என்று வகுப்பதே முறை.

இராஜா அண்ணாமலைபுரத்தில், அடையாறு உப்பங்கழியின் ஓரத்தில், தொல்காப்பியப் பூங்கா இருக்கிறது. குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டப்பட்டுக் கிடந்த நிலத்தைச் சீர்திருத்தி, 58 ஏக்கரில் அமைத்து, 2011-இல் திறந்தார்கள். திறந்தவுடனே எல்லோரையும் உள்ளே விட்டுவிடவில்லை. பல ஆண்டுகள் பள்ளி மாணவர்களும், வழிகாட்டியோடு வந்த குழுவினருமே அனுமதிக்கப்பட்டனர். இளம் செடிக்கு வேலி கட்டுகிறோம் அல்லவா? அதுபோல இளம் காட்டிற்கும் காலம் கொடுக்க வேண்டும்.

பாதை போடுவதில் நாங்கள் செய்த ஒரு பிழையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். முன்பு ஒரு மலைச்சரிவில் பணியாற்றியபோது, நடப்போருக்குத் தூரம் குறையட்டும் என்று பாதையை உச்சியிலிருந்து நேர் கீழாக வெட்டினோம். ஒரே பருவமழையில் அது ஓடையாயிற்று. மண் அரித்து, வேர் வெளிப்பட்டு, முழங்கால் ஆழப் பள்ளமாயிற்று. பள்ளத்தில் நடக்க விரும்பாத மக்கள் இருபுறமும் புதுத் தடம் போட்டார்கள். ஒரு பாதை மூன்றாயிற்று. அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் வந்து பார்த்து, "வாய்க்காலை வெட்டிவிட்டு வழி என்று பெயர் வைத்திருக்கிறீர்களே!" என்றார். நாங்கள் தலை குனிந்தோம். பிறகு அவருடைய யோசனைப்படியே சரிவுக்குக் குறுக்காகப் பாதையை வளைத்து, வெளிப்புறம் சற்றே சாய்வு கொடுத்து, இடையிடையே கற்களைச் சாய்வாகப் பதித்து, நீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டோம். வரப்பும் மடையும் அறிந்த விவசாயியைக் காட்டிலும் சிறந்த பாதைப் பொறியாளர் இல்லை என்பதை அன்று உணர்ந்தோம்.

எங்கள் அன்றாட வேலையையும் கேளுங்கள். கதவு திறக்குமுன் பாதை முழுவதையும் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். முறிந்து தொங்கும் கிளை, இரவில் விழுந்த மரம், கல்லிடுக்கில் பாம்பு, பெயர்ந்த பலகை ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். எத்தனை பேர் உள்ளே சென்றார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று எழுத வேண்டும். இரண்டு கணக்கும் ஒத்தால்தான் கதவை மூடலாம். குடிநீரும் கழிப்பிடமும் சுத்தமாக இருக்க வேண்டும், குறிப்பாகப் பெண்களுக்கு. தங்கும் இடமாயின், கூடாரமும் அடுப்பும் கழிப்பிடமும் ஓடைக்கும் சுனைக்கும் விலகியே இருக்க வேண்டும். ஏனெனில், கீழே உள்ள ஊர் அந்நீரையே குடிக்கிறது.

மானுக்கு அன்போடு தின்பண்டம் கொடுப்பவர்களைத் தடுப்பதே எங்களுக்குப் பெரும்பாடு. தின்பண்டத்தின் மணம் பிளாஸ்டிக் பையிலும் ஒட்டிக்கொள்கிறது. மான் பையையும் விழுங்கிவிடுகிறது. இறந்த மானின் வயிற்றிலிருந்து அப்பைகளை எடுத்த நாளை எங்களால் மறக்க இயலாது. உங்கள் ஊர்ப் பசுக்களின் கதியும் இதுவே என்று நீங்கள் சொன்னீர்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை இருக்கிறது. தடையை நடைமுறையாக்குவது ஊர் வாயிலில் நிற்கும் காவலரே.

இனி, மிகவும் துயரமான ஒன்றைக் கூறவேண்டியிருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், நடைப்பயணம் சென்ற இளைஞர்களையும் பெண்களையும் காட்டுத் தீ சூழ்ந்துகொண்டது. சென்னையிலிருந்து சென்றவர்களும் அக்குழுவில் இருந்தனர். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது கோடையின் தொடக்கம். புல் காய்ந்து நின்ற காலம். சரிவிலே தீ மேல்நோக்கி வேகமாக ஏறும். ஓடுபவனை அது முந்திவிடும். முதலில் ஓடிவந்து மீட்புப் பணியில் ஈடுபட்டவர்களுள் மலையடிவாரத்து மக்களும் இருந்தார்கள். எந்தக் காலத்தில் பாதையை மூட வேண்டும், யார் உள்ளே இருக்கிறார்கள், தீ வந்தால் எப்பக்கம் ஒதுங்க வேண்டும் என்பவற்றை முன்கூட்டியே அறிந்த ஒருவர் பொறுப்பில் இருப்பது உயிர்ப் பிரச்சினை. அந்த உத்தியோகம் எதற்கு என்று கேட்டவருக்கு எங்கள் விடை இதுதான்.

அவ்வாண்டிலேயே நடைப்பயணத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை அரசினர் வகுத்தனர். 2024 அக்டோபரில் தமிழ்நாடு வன அனுபவக் கழகமும் காட்டிலாகாவும் சேர்ந்து 40 நடைப் பாதைகளை முறையாகத் திறந்தன. முன்பதிவு செய்தோரே செல்லலாம். பயிற்சி பெற்ற வழிகாட்டி உடன் வருவார். அவ்வழிகாட்டிகள் அந்தந்தப் பகுதிப் பழங்குடியினரும் கிராம இளைஞர்களுமே. உங்கள் பிள்ளைகளுக்கு ஊரிலேயே கிடைக்கக்கூடிய தொழில் இது.

கோவை மாவட்டம் காரமடைப் பக்கத்திலுள்ள பரளிக்காட்டில், காட்டிலாகாவின் துணையோடு பழங்குடி மக்களே வருவோரைப் பரிசலில் அழைத்துச் செல்கிறார்கள். பெண்கள் உணவு சமைத்தளிக்கிறார்கள். செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் இன்னும் பழமையான உதாரணம். ஏரியில் தங்கும் பறவைகளைச் சுடக் கூடாதென்று அவ்வூரார் முறையிட, அவர்களுடைய காவலுரிமையை 1798-லேயே கலெக்டர் ஒப்புக்கொண்டார். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இன்றும் பார்வையாளர் ஏரிக்கரை மீது நடந்து, கோபுரத்தின் மேல் நின்று பார்க்கிறார்கள்; ஏரிக்குள் இறங்குவதில்லை. கரையே பாதை, பாதையே வேலி.

ஊருக்குத் திரும்பியதும் நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. காப்புக் காடு காட்டிலாகாவின் பொறுப்பில் உள்ளது. அதனுள் ஊராட்சி தானாகப் பாதை திறக்கலாகாது. அனுமதியின்றி அழைத்துச் செல்வோரைக் கண்டால் உடனே வனச்சரகருக்குத் தெரிவியுங்கள். ஊராட்சியின் பொறுப்பிலுள்ள குளக்கரை, தோப்பு, புறம்போக்கு ஆகியவற்றைப் பற்றிக் கிராம சபையில் பேசுங்கள். கூட்டம் மிகுதியாக வரும் இடம் எது, வண்டி எங்கே நிற்கட்டும், எங்கே காலே படக்கூடாது, எந்த மாதம் மூட வேண்டும் என்று தீர்மானியுங்கள். கயிறு கட்டவும் பலகை எழுதவும் பெரும்பணம் வேண்டியதில்லை. வண்டிக்கட்டணம் வசூலிக்க முறைப்படி தீர்மானித்தால், அத்தொகையில் காவலருக்குக் கூலியும் கழிப்பிடப் பராமரிப்பும் முதற்செலவாக இருக்கட்டும்.

கூட்டம் பெருகினால் வருமானம் பெருகும் என்ற ஆசை எழும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பதை அப்பொழுது நினைவுகூருங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு எங்கள் கணக்கு முடிவதில்லை. அடுத்த மழைக்குப் பிறகு பாதையோரத்தில் புல் முளைத்ததா என்பதையும் பார்க்கிறோம். புல் முளைத்திருந்தால் நாங்கள் வேலை செய்திருக்கிறோம் என்று பொருள். உங்கள் ஊர்க் குளக்கரையிலும் அப்புல் முளைக்கட்டும்!