தோட்டத்துச் சாலையும் துணை விளக்குகளும்



செம்பனைத் தோட்டத்தின் உட்சாலைகளில் இரவு எப்படி இருக்கும் என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்கு நன்கு தெரியும். இருபுறமும் கவிந்து நிற்கும் மட்டைகள் நிலவொளியைக்கூட மறைத்துவிடும். தெருவிளக்கு கிடையாது. மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் செம்மண் புழுதி. தீபகற்ப மலேசியாவில் பொழுது புலர ஏறத்தாழக் காலை 7 மணி ஆகிவிடுகிறது. ஆகவே, பெரட்டுக்குப் போகும் தொழிலாளர்களும், பள்ளி வேனுக்காகக் காத்து நிற்கும் பிள்ளைகளும் இருட்டிலேதான் வீட்டை விட்டுப் புறப்படுகிறார்கள்.

இத்தகைய சாலையில் வண்டி ஓட்டுபவர், வண்டியோடு வந்த விளக்குகள் போதவில்லை என்று கருதித் துணை விளக்குகள் பூட்ட விரும்புவது நியாயமே. ஆனால் எத்தகைய விளக்கை வாங்குவது? எங்கே பூட்டுவது? எப்போது ஏற்றுவது, எப்போது அணைப்பது? இவற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் விளக்கின் வகை. துணை விளக்குகளை மூன்றாகப் பிரிக்கலாம். ஒன்று, ஒளியைக் குறுகிய கற்றையாகத் திரட்டி நெடுந்தொலைவு வீசும் விளக்கு. நேரான, திறந்த பாதைக்கு இது ஏற்றது. இரண்டாவது, ஒளியை அகலப் பரப்பும் விளக்கு. வளைவும் நெளிவும் நிறைந்த தோட்டச் சாலையில், வடிகால் எங்கே, பாதையின் ஓரம் எங்கே என்று காட்டுவது இதுதான். மூன்றாவது, மூடுபனி விளக்கு. இது தாழ்வாக, தட்டையாக ஒளி வீசும்.

மஞ்சள் ஒளி மூடுபனியைத் துளைத்துச் செல்லும் என்று பலர் நம்புகின்றனர். அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியவை. ஆதலால் எல்லா நிறங்களையும் அவை ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறடிக்கின்றன. மூடுபனி விளக்கு உதவுவதற்குக் காரணம் அதன் நிறமன்று. அது தாழ்வாகப் பூட்டப்பட்டிருப்பதும், அதன் ஒளி மேல்நோக்கிச் செல்லாமல் வெட்டப்பட்டிருப்பதுமே காரணம்.

வாகனங்களில் ஹாலோஜன் விளக்கு 1962ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் அறிமுகமானது. இப்போது எல்.இ.டி. விளக்குகள் பெருகிவிட்டன. வெண்ணிற எல்.இ.டி. ஒளிக்கு வழிவகுத்த நீலநிற எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த மூவருக்கு 2014ஆம் ஆண்டில் பௌதிகத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. எல்.இ.டி. குறைந்த மின்சாரத்தில் நிறைந்த ஒளி தரும், நெடுநாள் உழைக்கும். ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. அதைச் சோதிக்க ஓர் எளிய கணக்கு உண்டு. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். பெட்டியில் 180 வாட் என்று எழுதியிருந்தால், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அது 15 ஆம்பியர் இழுக்க வேண்டும். அதனுடன் வரும் கம்பியோ நூல் போல மெல்லியதாக இருக்கிறதென்றால், எழுதிய எண் பொய். அல்லது அந்தக் கம்பி ஆபத்து. இரண்டில் ஒன்று உறுதி.

ஓடையைக் கடக்கும் வண்டிக்கு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விளக்கின் மேல் ஐ.பி. 67 என்று குறித்திருந்தால், முதல் எண்ணான 6 தூசி உள்ளே புகாது என்பதையும், அடுத்த எண்ணான 7 ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதையும் குறிக்கும்.

இரண்டாவது, மின் இணைப்பு. இங்கேதான் அலட்சியம் தீ விபத்தில் போய் முடிகிறது. 55 வாட் ஹாலோஜன் விளக்குகள் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 110 வாட். அதாவது 9 ஆம்பியருக்குச் சற்று அதிகம். இவ்வளவு மின்சாரத்தையும் டாஷ்போர்டிலுள்ள சிறிய சுவிட்சின் வழியே செலுத்தினால் சுவிட்சும் கம்பியும் சூடேறி உருகும். ஆகவே ரிலே என்ற கருவி வேண்டும். தோட்ட நிர்வாகி மதகைத் தாமே போய்த் திறப்பதில்லை; ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புகிறார். அதுபோல, சுவிட்சிலிருந்து செல்லும் கால் ஆம்பியருக்கும் குறைவான மின்சாரம் ரிலேயை இயக்குகிறது. ரிலே பேட்டரியிலிருந்து வரும் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது.

பேட்டரியிலிருந்து புறப்படும் கம்பியில், பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். நாம் சொன்ன இரண்டு விளக்குகளுக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஃபியூஸ் அடிக்கடி எரிகிறது என்று 30 ஆம்பியர் ஃபியூஸைச் செருகுவது, காய்ச்சல் தணியவில்லை என்று வெப்பமானியை உடைப்பதற்குச் சமம். ஃபியூஸ் காப்பது விளக்கையன்று, கம்பியை. கம்பி தாங்கும் அளவைவிட ஃபியூஸ் எப்போதும் குறைவாகவே இருக்க வேண்டும்.

மெல்லிய கம்பியால் இன்னொரு நட்டமும் உண்டு. பேட்டரியில் 12 வோல்ட் இருந்தும் விளக்குக்கு 10.8 வோல்ட் மட்டுமே போய்ச் சேர்ந்தால், ஹாலோஜன் விளக்கின் ஒளி ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடும். புதிய விளக்கு மங்கலாக எரிகிறது என்று கடைக்காரரை நோகுமுன் கம்பியைப் பாருங்கள்.

மூன்றாவது, பூட்டும் இடம். கூரையின் மேல் வரிசையாக விளக்குகள் பூட்டினால் பார்வைக்குக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆயினும் அந்த ஒளி வண்டியின் மூக்கில் பட்டு ஓட்டுநர் கண்ணையே கூசச் செய்யும். மழையிலும் புழுதியிலும் கண்ணுக்கு எதிரே வெள்ளைத் திரை விரித்தது போலாகிவிடும். வேறொரு குறையும் உண்டு. அதை வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்க்கலாம். மேடுபள்ளமான மண்தரையில் ஒரு டார்ச் விளக்கை முதலில் தலைக்கு மேல் பிடித்துப் பாருங்கள். பிறகு முழங்கால் உயரத்தில் பிடித்துப் பாருங்கள். தாழ்வாகப் பிடித்தால் பள்ளங்களின் நிழல் நீண்டு, ஆழம் தெளிவாகத் தெரியும். உயரப் பிடித்தால் பள்ளமும் சமதரை போலத் தோன்றும். எனவே பள்ளமான சாலைக்கு முன்புறத் தடுப்புக் கம்பியில், தலைவிளக்கின் உயரத்தில் பூட்டுவதே சிறந்தது.

பூட்டியபின் திசையைச் சரிசெய்ய வேண்டும். வண்டியில் வழக்கமான பாரத்தை ஏற்றி, சமதரையில் ஒரு சுவருக்கு 10 மீட்டர் முன்னால் நிறுத்துங்கள். விளக்கின் உயரத்தைச் சுவரில் குறியுங்கள். ஒளியின் நடுப்பகுதி அக்குறிக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழவேண்டும். விளக்கு 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், அந்த ஒளி 80 மீட்டருக்கு அப்பால் தரையைத் தொடும். பின்புறம் குலைகளை ஏற்றினால் வண்டியின் மூக்கு நிமிரும். ஒளியும் எதிரே வருபவர் முகத்துக்கு ஏறும். அதனால்தான் பாரத்தோடு சரிசெய்யச் சொல்கிறேன்.

நான்காவதாக, எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று: பயன்படுத்தும் முறை. 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு காலைப் பிரேக்கில் வைப்பதற்கே ஒன்றரை வினாடி ஆகலாம். அதற்குள் 25 மீட்டர் போய்விடும். தளர்ந்த செம்மண்ணில் வண்டி நிற்க மேலும் 35 மீட்டர் வேண்டியிருக்கும். மொத்தம் 60 மீட்டர். வேகத்தை 40 ஆகக் குறைத்தால் இது ஏறத்தாழ 32 மீட்டராகச் சுருங்கிவிடும். விளக்கு கூடியதால் வேகத்தையும் கூட்டினால், விளக்கால் கிடைத்த பாதுகாப்பு கைவிட்டுப் போகிறது.

நமக்கு வழி தெரிந்தால் மட்டும் போதாது. எதிரே வருபவருக்கும் வழி தெரிய வேண்டும். கூச்சமேற்பட்ட கண் தெளிய சில வினாடிகள் பிடிக்கும். வயதானவர்களுக்கு இன்னும் அதிக நேரமாகும். அந்தச் சில வினாடிகளில் மோட்டார் சைக்கிளில் வருபவர் வடிகாலில் விழலாம். சைக்கிளில் வரும் இந்தோனேசியத் தொழிலாளியோ, தம்பியின் கையைப் பிடித்து நடந்து வரும் பள்ளிச் சிறுமியோ எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் பாதையின் நடுவிலேயே நின்றுவிடலாம். அவர்களிடம் நம்மை எச்சரிக்க விளக்கு இல்லை. ஆகவே அணைக்க வேண்டிய கடமை நம்முடையது.

இதற்கு ஒரு நல்ல உபாயம் உண்டு. ரிலேயின் சுவிட்ச் கம்பியைத் தலைவிளக்கின் உயர் ஒளியோடு இணைத்துவிடுங்கள். உயர் ஒளியைத் தாழ்த்திய அதே நொடியில் துணை விளக்கும் தானே அணைந்துவிடும். தேடித் தடவ வேண்டியதில்லை, மறதிக்கும் இடமில்லை.

பொதுச் சாலைக்கு வந்துவிட்டால் துணை விளக்கை ஏற்றவே கூடாது. உறைபோட்டு மூடிவிடுவது நல்லது. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், 1959ஆம் ஆண்டின் வாகன அமைப்பு, பயன்பாட்டு விதிகளும் வாகன விளக்குகளைக் கட்டுப்படுத்துகின்றன. எனவே பணத்தைச் செலவிடுமுன், ஜே.பி.ஜே. எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் எது அனுமதிக்கப்படும் என்று கேட்டுத் தெளிவது விவேகம்.

நேயர்களே, இரவில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்லும் வண்டிக்கு நல்ல விளக்கு உயிர்காக்கும் துணை. அதே வேளையில், எதிரே நடந்து வருபவரின் உயிரும் அந்த ஓட்டுநரின் விரல் நுனியில்தான் இருக்கிறது. தேவைக்கு ஏற்ற விளக்கு, தாங்கும் கம்பி, சரியான ஃபியூஸ், தாழ்ந்த திசை, தக்க நேரத்தில் அணைக்கும் பழக்கம் ஆகிய இந்த ஐந்தையும் நினைவில் வையுங்கள். வீட்டில் வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.