தொழிலாளி தோலில் தெரிந்த விஷம்
(ஆலை வாயிற்கூட்டத்தில் பேசியது)

டையாக்சின் என்ற விஷத்தை யாரும் வேண்டுமென்று தயாரிப்பதில்லை. களைக்கொல்லிக்கான சரக்கைக் காய்ச்சும்போது சூடு மிஞ்சினால் தானாகவே உண்டாகிவிடும்.

1954-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், பேரிங்கர் கம்பெனி ஆலையில் இந்தச் சரக்கைக் காய்ச்சிய தொழிலாளர்களுக்கு முகமெல்லாம் பருக்கள் கிளம்பின. லேசில் ஆறாத பருக்கள். நாம் இருமினால் பீடியைக் குறை சொல்வார்களே, அப்படித் தட்டிக்கழிக்கவில்லை கார்ல் ஷுல்ஸ் என்ற தோல் வைத்தியர். ஆலைப் பொருள்களை முயல் காதில் தடவிச் சோதித்தார். போதாதென்று தம் கையிலேயே தடவிக்கொண்டார்! குற்றவாளி டையாக்சின்தான் என்று 1957-ல் வெளியிட்டார். சூட்டைக் குறைத்துக் காய்ச்சினால் விஷம் குறையும் என்பதும் தெரிந்துபோயிற்று.

தெரிந்த பிறகு நடந்தது என்ன? 1961 முதல் 1971 வரை வியத்நாமின் காட்டிலும் வயலிலும் அமெரிக்க ராணுவம் 7 கோடி லிட்டருக்கு மேல் களைக்கொல்லியைத் தெளித்தது. அதில் பெரும்பகுதி டையாக்சின் கலந்த சரக்கு. குனிந்து நாற்று நடும் உழவனும் அதன் கீழேதான் நின்றான்.

இந்த விஷம் கொழுப்பில் தங்கும். மீனில் ஏறும், முட்டையில் ஏறும், தாய்ப்பாலிலும் வரும். மனித உடம்பில் புகுந்ததில் பாதி குறையவே சுமார் ஏழு வருஷம் ஆகும்.

இது புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1997-ல் தீர்மானித்தது. அதற்குப் பார்த்த சாட்சியங்களில் ஒன்று, அதே ஹாம்பர்க் ஆலைத் தொழிலாளர்களின் மரணக் கணக்கு.