உப்புக்கு வரி இல்லை

இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே,

உப்பளத்தில் பாத்தி மிதித்தும், ஆற்றங்கரைத் தோட்டங்களில் வாழைத்தார் சுமந்தும் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் ஏராளம். அவர்களுக்கும் சம்பந்தமுள்ள ஒரு தீர்மானத்தைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன்.

1931 மார்ச் கடைசி. பகத்சிங் தூக்கிலிடப்பட்டுச் சில நாள்களே ஆகியிருந்தன. பட்டேல் தலைமையில் கராச்சியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில், நேரு வரைந்த தீர்மானம் ஒன்று நிறைவேறியது. சுயராஜ்யம் வந்தால் ஏழைக்கு என்ன கிடைக்கும் என்று அது ஒவ்வொன்றாகச் சொன்னது. பேச்சுரிமை, சட்டத்தின் முன் சமத்துவம், வயது வந்த எல்லோருக்கும் வாக்கு. அவற்றோடு, உப்புக்கு வரி கூடாது, ஆரம்பக் கல்வி இலவசம், தொழிலாளிக்கு வாழப் போதுமான கூலி, பெண் தொழிலாளிக்குப் பேறுகால விடுப்பு.

அதை நிறைவேற்றியவர்கள் கையில் அன்று ஆட்சி இல்லை. அந்தத் தாளுக்குச் சட்ட வலு துளியும் கிடையாது. ஆனாலும் 1947இல் உப்பு வரி போனது. பேச்சுரிமையும் சமத்துவமும் 1950இல் அடிப்படை உரிமைகளாயின.

கல்வியின் கதைதான் நீண்டது. பத்தாண்டுக்குள் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயலும் என்று அரசியலமைப்பின் 45ஆவது பிரிவில் எழுதினார்கள். நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்க முடியாத பகுதி அது. காமராஜர் அதற்காகக் காத்திருக்கவில்லை. நம் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். நாடு காத்திருந்தது. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கல்வியை உரிமை என்றது. 2002இல் அரசியலமைப்பின் 86ஆவது திருத்தம் வந்தது. கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. கராச்சியிலிருந்து 79 ஆண்டுகள்! இந்தத் தாமதத்துக்கு எந்தச் சமாதானமும் ஏற்கத்தக்கதல்ல. ஆனால் எழுத்தில் அந்த ஒரு வரி இருந்ததால்தான், தலைமுறை தாண்டியும் அதைக் காட்டிக் கேட்க முடிந்தது.

போதுமான கூலியோ, 43ஆவது பிரிவில் இன்னும் வழிகாட்டு நெறியாகவே கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அளம் மூடினால் அடுப்பு என்ன ஆகும் என்பது தூத்துக்குடி உப்பளக் குடும்பங்களுக்குத் தெரியும். உப்பு மேலிருந்த வரி நீங்கியது. அதை வாருகிறவரின் கூலிக் கணக்கு தீரவில்லை. கராச்சித் தீர்மானத்தில் எனக்கு உறுத்துகிற இடம் இதுதான்.

உங்களில் பலர் கிராமத்துப் பிள்ளைகள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலான நாள்களில் உங்கள் ஊரில் கிராம சபை கூடும். அங்கும் தீர்மானம் எழுதுவார்கள். தீர்மான நோட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், முதலில் முழுவதையும் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். மழைக்காலக் கூலி விட்டுப்போயிருந்தால் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். தீர்மான எண்ணும் தேதியும் போட்டிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். நகல் கேட்டு வாங்குங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த எண்ணைச் சொல்லி, என்ன ஆயிற்று என்று எழுந்து கேளுங்கள்.