அட்வான்ஸ் வாங்கும் முன்பே உட்காருங்கள்

ஆய்வுக்காகத் திண்டிவனம் பக்கம் ஓர் இருளர் குடியிருப்புக்குப் போயிருந்தேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றி ஆசிரியர் சொன்னார்: "அவனுக்குப் படிப்பு ஏறல." பொங்கல் முடிந்ததும் குடும்பமே செங்கல் சூளைக்குப் போய்விடுகிறது. வாங்கிய அட்வான்ஸ் கழியும்வரை அங்கேதான். பிறகு எப்படி ஏறும்?

இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபர் 27 அன்று இதே விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் பகுதியில்தான் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் பூட்டிக் கிடக்கும் இல்லத்தில் யாரைத் தேடுவது?

அடுத்தது சான்றிதழ். பழங்குடிச் சான்றைத் தாசில்தார் தர முடியாது. கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் தர வேண்டும். அதற்காகப் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் எத்தனை ஆண்டு போராடியிருக்கிறார்கள்!

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்குத் தனித்தனியே கல்வித் திட்டம் எழுதுகிறோம். இவனுக்கும் எழுதுங்கள். வகுப்பாசிரியர், வருவாய்த்துறை அலுவலர், சங்கத் தோழர், பெற்றோர் எல்லோரும் சேர்ந்து, அட்வான்ஸ் கைமாறும் முன்பே உட்காருங்கள். சான்று, விடுதி, விட்டுப்போன பாடம் மூன்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். அவன் அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"என்னை எந்த மீட்டிங்குக்கு சார் கூப்பிட்டாங்க?" என்றார்.