வண்டி விட்ட குதிரை

பம்பாய் நகரில் விக்டோரியா வண்டிகளை நிறுத்திவிடுமாறு உயர்நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. வண்டி நிற்கலாம், குதிரையின் பசி நிற்குமா? தார் வீதியில் ஆண்டுக்கணக்காக ஓடிய கால்களில் மூட்டுவாதமும் கண்டுவிடுகிறது.

"பாவம், கட்டிப்போட்டு ஓய்வு கொடுப்போம்" என்று இரங்குகிறோம். அவ்விரக்கமே தீங்காவதுண்டு. நின்றபடியே இருந்தால் மூட்டு மேலும் இறுகும். நாள்தோறும் மண்தரையில் மெல்ல நடத்துதல் வேண்டும். உடல் பருத்தால் மூட்டுக்குச் சுமை. குளம்பு வளர்ந்தால் நடை கோணும். 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை சீவுவிக்க வேண்டும். நம் மழைக்காலத்தில் உலர்ந்த வைக்கோலைத் தடிப்பாகப் பரப்புதல் நன்று. வலி மருந்தை நாமே கூட்டிக் கொடுத்தால் வயிற்றில் புண் உண்டாகும். மாதுங்காவிலிருந்து பரேல் விலங்கு மருத்துவமனை தொலைவில் இல்லை.

படுத்த குதிரை தானே எழமாட்டாத நாள் வருமாயின், நேயர்களே, வலியற்ற முடிவைப் பற்றி மருத்துவரிடம் கேட்க நாம் கூசலாகாது.