விதையும் நிலமும்

மாணவ நண்பர்களே, மார்பகத்தில் தோன்றும் புற்றுநோய்க்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு இருக்க முடியும்? பாடநூல்கள் உறுப்புகளைத் தனித்தனிப் படங்களாகக் காட்டுவதால் இவ்வினா உங்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். குருதிக்கோ அத்தகைய எல்லைக்கோடுகள் இல்லை.

விழித்திரைக்குப் பின்னே கரும்படலம் என்றொரு மெல்லிய படலம் உண்டு. நுண்ணிய குருதிக் குழாய்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கும் இடம் அது. கண்ணுக்கு வரும் குருதியில் பெரும்பகுதி அதன் வழியே பாய்கின்றது. மார்பகக் கட்டியினின்று பிரிந்த புற்றணுக்கள் குருதியோடு வந்து அங்கே தங்கி வளர்வதுண்டு. பெண்களின் கண்ணுக்குள் இவ்வாறு பிற உறுப்பிலிருந்து வந்து குடியேறும் புற்றுகளுக்கு முதன்மையான பிறப்பிடம் மார்பகமே.

ஆயினும் குருதி செல்லுமிடமெல்லாம் புற்று முளைத்துவிடுவதில்லை. இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் குறிப்புகளைத் திரட்டி, 1889-இல் லான்செட் இதழில் எழுதினார். 241 பேருக்குக் கல்லீரலில் புற்று பரவியிருந்தது. மண்ணீரலிலோ 17 பேருக்கு மட்டுமே. மண்ணீரலுக்குச் செல்லும் குருதிக் குழாயும் சிறியதன்று. பின் ஏன் இவ்வேற்றுமை? விதை எங்கும் சிதறினாலும், ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்பதே அவர் கண்ட விடை. இவ்வெண்ணத்துக்கு முன்னோடியாக அவர் சுட்டியவர், கண்ணில் எழும் புற்றைப் பற்றி 1882-இல் நூல் எழுதிய எர்ன்ஸ்ட் ஃபுக்ஸ் என்னும் கண் மருத்துவர். விழியை ஆராய்ந்தவரின் கருத்து மார்பகத்தை ஆராய்ந்தவருக்கு விளக்காயிற்று என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கரும்படலத்தில் கட்டி வளருங்கால் பெரும்பாலும் வலி இராது. பார்வை மங்கும், மின்னல் வெட்டினாற்போல் ஒளி தோன்றும். வயதான பெண்மணி அதனைக் கண்புரை என்று எண்ணி வாளாவிருத்தல் எளிது. மார்பக நோய்க்கு மருத்துவம் பெற்றுப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் இது நேரலாம். ஆகவே கண் மருத்துவரிடம் செல்லும் தாயோ பாட்டியோ அப்பழைய நோயையும் சொல்லவேண்டும். கூச்சத்தால் அதை மறைக்கும் வழக்கம் நம் இல்லங்களில் இன்னும் இருக்கின்றது; அவ்வழக்கத்தை நான் வெறுக்கிறேன். துணைக்குச் செல்லும் நீங்களேனும் பழைய மருத்துவச் சீட்டுகளை உடன் கொண்டு செல்லுங்கள்.

பாவையை விரிக்கும் சொட்டுமருந்தை இட்டு, ஒளி செலுத்திப் பார்த்தால், மருத்துவருக்கு மஞ்சள் சாயலான திட்டு புலப்படும். மருந்தாலும் கதிர் மருத்துவத்தாலும் அதைச் சுருக்கிப் பார்வையைக் காக்க இன்று பலருக்கு இயல்கின்றது. இனி, இந்நோய்க்குத் தரப்படும் தமாக்சிபென் மாத்திரையால் அரிதாக விழித்திரையில் நுண்படிகங்கள் தோன்றுவதுண்டு. அதற்கு அஞ்சி மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடலாகாது; கண்ணைச் சோதித்துக்கொண்டு, மாத்திரை தந்த மருத்துவரையே கேட்டல் வேண்டும்.